முதலில் எழுபவர்

கடவுளுக்கு உருவம் உண்டா இல்லையா என்று வாதாடி, நான்கு வருடங்களாகப் பேச்சை விட்டிருந்த இரண்டு கிழத் துறவிகளும் அன்று காலை மடத்துக் கிணற்றடியில் ஒரே நேரத்தில் ஒருவர் காலில் ஒருவர் விழுந்துவிட்டார்கள். குழைக்காதர் பூஜிக்கும் சாளக்கிராமத்தைப் பார்த்து, "தினம் குளிப்பாட்டுறீங்களே, இந்தக் கல்லுக்குச் சளி பிடிக்காதா?" என்று அசலானந்தர் கேட்டதில் வந்த பகை அது. இருவருமே மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தார்கள். ஆனால் முதலில் எழுகிறவர் மற்றவரின் வணக்கத்தைத் தனக்குரியதென்று ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். அந்த மடத்து வழக்கம் அப்படி. அதனால் இருவரும் எழவில்லை.

வெயில் ஏறியது. அசலானந்தருக்கு முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. சமையல்காரர் எட்டிப் பார்த்து, "சாமி, உப்புமா ஆறுது" என்று சொல்லிவிட்டுப் போனார். எதிரே குழைக்காதர் அசையக் காணோம். என்னைவிடப் பணிவானவரோ இவர் என்று அசலானந்தருக்கு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலை நினைத்து வெட்கம் வந்தது. வெட்கப்படத் தெரிந்த தன்னை மெச்சிக்கொள்ளவும் தோன்றியபோது, எல்லாமே அலுத்துப்போய்விட்டது. நாற்பது வருடத் துறவு இவ்வளவுதான். கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நீங்கதான் பெரியவர் சாமி. ஒத்துக்கிடுதேன்."

"என்னத்தப் பெரியவர்," என்றார் தரையில் கிடந்த குழைக்காதர். "விழுந்ததுமே இடுப்பு புடிச்சுக்கிட்டுது. உங்ககிட்டப் போயி கையக் குடுங்கன்னு கேக்க மனசு வரல."

அசலானந்தர் மறுபடி குனிந்து கையை நீட்டினார். குழைக்காதர் அந்தக் கையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே கிடந்தார்.