தீர்ப்பு வந்த பிறகும்

வழக்கில் ஜெயித்து மாதக்கணக்காகிவிட்டது. ஆனாலும் ஜூனியர் வக்கீலம்மா ஆபீசுக்கு எதிரேயிருந்த தையல் கம்பெனிக்குத் தினமும் ஓடுவது ஏன் என்று சீனியருக்குப் பிடிபடவேயில்லை.

அங்கே வேலை பார்க்கும் பெண்களுக்காக இருவரும் ஃபீஸ் வாங்காமல் வாதாடி, சம உரிமைத் தீர்ப்பு வாங்கித் தந்திருந்தார்கள். 'முதலாளி இவளைத் தன் பக்கம் இழுக்கிறானோ?' கெட்டிக்கார ஜூனியரைப் பறிகொடுக்க அவருக்கு மனமில்லை. ஒருநாள் பின்னாலேயே போய், அவள் வெளியே வரும்போது வாசலில் மடக்கினார்.

"ஏம்மா, நம்மகிட்ட தோத்தவன்கிட்டயே வேலைக்குச் சேரப் போறியா?"

"ஐயையோ, இல்ல சார்!"

"அப்புறம் இங்க என்ன வேலை?"

"நாம ஜெயிச்சுக் கொடுத்தத நானும் அனுபவிக்கிறேன் சார்."

"என்னத்த?"

"லேடீஸ் டாய்லெட்ட. 'பெண்களுக்குக் கழிப்பறைகூட இல்லாத இடத்தில் என்ன சமத்துவம்?'னு கோர்ட்டே அதிர்ற மாதிரி கேட்டீங்களே! நம்ம ஆபீஸ்ல எங்க சார் இருக்கு? இருக்கிற ஒண்ணும் உங்க ரூமுக்குள்ள."

நீதிபதி அதட்டியும் அடங்காத சீனியர் அன்று மாலையே கொத்தனாருக்குப் போன் போட்டார்.

அடுத்த வாரம் கொத்தனார் வந்து, சீனியர் அறைப் பக்கக் கதவை அடைத்து, வராந்தாப் பக்கம் வாசல் திறந்து, 'பெண்கள்' என்று பலகை மாட்டினார்.

இப்போது தையல் கம்பெனிக்கு ஓடுவது சீனியர்தான். அங்கே ஆண்களுக்கு முதலிலிருந்தே இருக்கிறது.