ஆள் வருது

பல்கலைக்கழக நூலகத்தில் ஜன்னலோர நாற்காலிக்கு ஒரே ஏக்கம், யாராவது தன்மேல் உட்கார மாட்டார்களா என்று. தினமும் நூலகம் திறந்ததுமே ஒரு நீலப் பை வந்து அதன் மடியில் சாய்ந்துகொள்ளும். மூடும்போதுதான் எழுந்து போகும்.

எந்த இடம் எவ்வளவு பயன்படுகிறது என்று கண்டுபிடிக்க, ஒருநாள் எல்லா நாற்காலிக்கும் அடியில் ஆளுக்கொரு பொத்தான் ஒட்டினார்கள். மேலே கனம் விழுந்தால் போதும், "ஆள் இருக்கு" என்று பொத்தான் அலுவலகத்துக்குச் சொல்லிவிடும்.

"ஏம்ப்பா, இது வெறும் பை," என்றது நாற்காலி.

"எனக்குக் கனம்தான் தெரியும். மூஞ்சியெல்லாம் தெரியாது," என்றது பொத்தான்.

அப்போது புத்தகமும் கையுமாக ஒரு பெண் வந்தாள். "இங்க ஆள் இருக்கா?"

"வருது, வருது," என்றது பை, கண்ணைக்கூடத் திறக்காமல்.

அவள் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தாள். படிக்கட்டுக்கு யாரும் பொத்தான் ஒட்டவில்லை.

ஆறு மாதம் கழித்துத் துணைவேந்தர் அறிக்கையைப் பார்த்துப் பூரித்துப்போனார். ஓர் இருக்கைகூடக் காலியில்லையாம்! உடனே எதிரிலேயே புதுக் கட்டடம் எழும்பியது. நாற்காலியையும் அங்கே தூக்கிப் போனார்கள். இனியாவது நம்மேல் மனுஷச் சூடு படும் என்று அது முதுகை நிமிர்த்திக் காத்திருந்தது.

திறப்பு விழா அன்று வாசலில் ரிப்பன்கூட இன்னும் வெட்டவில்லை. ஜன்னல் வழியாக ஏதோ பறந்து வந்து, தொப்பென்று அதன் மடியில் விழுந்தது. பார்த்தால், அதே நீலப் பை.

அடியிலிருந்து பொத்தான் உற்சாகமாகக் கூவியது: "முதல் ஆள் வந்தாச்சு!"