மூன்றாவது தடம்

எங்கள் பாதையில் ரயிலுக்கு மேலே ஒன்றுக்குப் பதில் இரண்டு மின்கம்பிகள் ஓடும். வண்டியின் கூரையில் இருக்கும் இரும்புக் கை இரண்டையும் தொட்டு மின்சாரம் எடுக்கும். கம்பி உரசுகிற இடத்தில், அந்தக் கையின் மேல் பதித்த கரிப்பட்டையில் தடம் விழும். தினமும் கூரையேறி அதைப் பார்ப்பது என் வேலை. கம்பி இரண்டு, தடமும் இரண்டு. அன்று காலை ஒரு வண்டியில் மூன்று இருந்தன. மூன்றாவதுதான் ஆழம்.

அந்த வண்டியை ஓட்டப் போகிறவன் என் தம்பி. "இன்னிக்கு இந்த வண்டி வேண்டாம்டா," என்றேன்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்க்கா," என்று சிரித்துவிட்டு ஏறிப் போனான்.

நடுப்பகலில் எங்கோ கம்பி அறுந்து, பாதை முழுக்க மின்சாரத்தை நிறுத்தினார்கள். மற்ற ரயில்களெல்லாம் ஆங்காங்கே நின்றுவிட்டன. தம்பியின் வண்டி மட்டும் ஓடுகிறது என்றார்கள். அவனுக்குப் போன் போட்டேன்.

"இப்பத்தான்க்கா நின்னுச்சு. நான் பிரேக் போடல. ஏதோ ஸ்டேஷன். நம்ம லைன்ல இப்படி ஒண்ணு கிடையாது. பிளாட்பாரம் நிறைய ஜனம். ஒருத்தரும் வாயைத் திறக்கல."

"யாரையும் ஏத்தாதே. கதவைத் திறந்துடாதேடா!"

போனில் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும் சத்தம் கேட்டது.

"நான் திறக்கலக்கா," என்றான்.