ஊஞ்சல் போட்ட சத்தம்

பள்ளி மைதானத்தைப் புதுப்பிக்க ஆட்கள் வந்தார்கள். பழுதானவற்றைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். ஊஞ்சலுக்கு உதறல் எடுத்தது. அதன் சங்கிலியில் ஒரு வளையம் தேய்ந்து நூலாகியிருந்தது.

“ஆடாம அசையாம நில்லு. கண்டுபிடிக்க மாட்டாங்க,” என்றது பக்கத்திலிருந்த சறுக்குமரம்.

ஊஞ்சல் அப்படியே நின்றது. ஆட்கள் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள்.

இடைவேளை மணி அடித்தது. எழிலி ஓடிவந்து ஊஞ்சலில் ஏறினாள். “இன்னும் வேகமா தள்ளுடி!” என்று தோழியிடம் கத்தினாள். வளையம் மெல்ல வாய் பிளந்தது.

“புள்ள விழுந்துடும். நான் சொல்லிடறேன்,” என்றது ஊஞ்சல்.

“சொன்னா உன்னையும் லாரியில ஏத்திருவாங்க. வாயை மூடு!”

எழிலி மறுபடி உயரே போனாள். ஊஞ்சல் தன் பலத்தையெல்லாம் கூட்டிக் கிறீச்சிட்டது. டீச்சர் பதறி ஓடிவந்து ஊஞ்சலைப் பிடித்து நிறுத்தி, அவளை இறக்கினார். சங்கிலியை லேசாக இழுத்தார். அது கையோடு வந்துவிட்டது.

சற்று நேரத்தில் ஊஞ்சல் லாரியில் கிடந்தது.

பிள்ளைகள் சறுக்குமரத்துக்கு ஓடினார்கள். முதல் பையன் ஏற ஏற, அதன் மேல்படி ஆணி கழன்று ஆடியது. சறுக்குமரம் மூச்சுக் காட்டவில்லை.