டோப்பா நாள்

எட்டாயிரம் பேர் தலையிலும் ஒரே மாதிரி செம்பட்டை டோப்பா.

வாசலில் சீட்டைக் கிழிக்கும்போதே ஆளுக்கொன்று கையில் கொடுத்து விட்டிருந்தார்கள். டெவ்லின் ஓய்வு பெறும் நாள். டொலீடோ கால்பந்து அணிக்குப் பதினைந்து வருடம் முன்வரிசையில் ஓடி, நூற்றுப் பன்னிரண்டு கோல் போட்டவனுக்கு ஊர் செய்யும் மரியாதை.

தோளில் புரளும் அந்த முடிதான் அவனுக்குப் பெயர். "முடி! முடி!" என்று நாலு பக்கமும் கத்தினார்கள்.

டெவ்லின் மைதானத்தின் நடுவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று வந்திருந்தான். காரில் வரும்போது மூன்று தடவை வாய்விட்டுச் சொல்லியும் பார்த்திருந்தான். பெரிய பேச்சு இல்லை. முதல் கோல் என்னுடையது இல்லை, குவின்சியுடையது. அவ்வளவுதான்.

கோட்டோரம் பழைய ஆட்டக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். கடைசி ஆள் குவின்சி. அவன் தலையிலும் டோப்பா. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கட்டிப்பிடித்து முதுகில் தட்டியபோது காதோரம் சொன்னான்:

"இன்னுமாடா இதைத் தூக்கிச் சுமக்கிற? போதும்டா, வெட்டிப் போடு."

டெவ்லின் சிரித்து வைத்தான்.

பதினைந்து வருடத்துக்கு முன்னால் அவனையும் குவின்சியையும் ஒரு வாரச் சோதனைக்குத்தான் எடுத்திருந்தார்கள். அணியின் பழைய ரசிகர் பாவ்லாக் வீட்டு நிலவறையில் ஒரே அறை, ஒரே போர்வை. அணியில் இருப்பதோ ஒரே இடம். கடைசி ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் ஆளைச் சொல்வதாக இருந்தது.

அந்த ஆட்டத்தில் குவின்சி தூரத்திலிருந்து ஓங்கி அடித்தான். பந்து டெவ்லினின் தலைக்கு ஒரு சாண் மேலே போய் வலையில் விழுந்தது. எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடியது டெவ்லின்தான்.

ஆட்டம் முடிந்ததும், எதிர்ப்பக்க மாடியில் உட்கார்ந்து கோல் கணக்கு எழுதுகிறவர் நடைவழியில் மறித்து, அது யார் கோல் என்று கேட்டார். மார்ச் மாதக் குளிர்; ஆட்டம் பார்க்க வந்ததே சொற்பப் பேர். காதுவரை இழுத்துவிட்ட கம்பளிக் குல்லாயோடு நின்ற டெவ்லின், "முடியில உரசிக்கிட்டுத்தான் சார் போச்சு" என்றான்.

அவர் எழுதிக்கொண்டார்.

உடைமாற்றும் அறையில் இருபது பேர் காதிலும் அது விழுந்தது. ஆனால் அந்த அறையின் பேச்சு வெளியே போகாது. பழைய ஆட்கள் அவனை ஒரு பார்வை பார்த்தார்கள், ஷூவைக் கழற்றினார்கள், குளிக்கப் போனார்கள். குவின்சியும் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினான். இப்போது எங்கோ லாரி ஓட்டுகிறானாம்.

டெவ்லின் சொன்னது மறுநாள் பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்தது. அன்றிலிருந்து ஊருக்கு அவன் 'முடி'; அவன் தலையில் கத்தரி படவில்லை.

"பேசுங்க முடி!" என்று மேலே இருந்து ஒருவன் கத்தினான். "இன்னிக்காவது பந்தை எங்களுக்குப் பாஸ் பண்ணுங்க!"

கூட்டம் சிரித்தது. டெவ்லின் வாயைத் திறந்தான்.

"மொதல்ல அந்த மொதக் கோல் படத்தைப் போட்டுருங்க" என்றான். "அப்புறமா பேசுறேன்."

அந்தப் படத்தில் அவனுக்குப் பயம் இல்லை. பழைய ஒளிப்பதிவு. எதிர்ப்பக்க மாடியிலிருந்து எடுத்தது. ஆட்கள் எறும்பு மாதிரி ஊர்வார்கள். எத்தனையோ தடவை காட்டியாயிற்று. ஒரு நிமிடம் கிடைத்தால் போதும், நெஞ்சைத் திடப்படுத்திக்கொள்ளலாம்.

அறிவிப்பாளர் குரல் ஒலிபெருக்கியில் குதித்தது. "இந்தத் தடவை யாருமே பாக்காத படம்! நம்ம பாவ்லாக் பெரியவர் கோல் கம்பத்துக்குப் பின்னாடி நின்னு, தன் சொந்தக் கேமராவுல எடுத்தது!"

டெவ்லின் திரும்பினான். நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினான். கூட்டம் அதை வணக்கம் என்று நினைத்துக் கைதட்டியது.

திரை ஒளிர்ந்தது.

பத்து ஆள் உயரத்துக்கு முகங்கள். பந்தை அடிக்கும் குவின்சி. வலைக்கு முன்னால் டெவ்லின்.

இரண்டு பேர் தலையும் மழுமழுவென்று மொட்டை. விளக்கு வெளிச்சம் பட்டுப் பளபளத்தது.

"அடடா, புதுப் பசங்களுக்கு மொத வாரம் மொட்டை! நம்ம சீனியருங்க கைவரிசை!" என்று அறிவிப்பாளர் விழுந்து விழுந்து சிரித்தார். எட்டாயிரம் பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

படம் மறுபடியும் ஓடியது, இந்தத் தடவை மெதுவாக.

அறிவிப்பாளரின் சிரிப்பு பாதியில் நின்றது.

முதல் வரிசையில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே இருந்தவள் மெல்ல வாயை மூடினாள். டோப்பாவைக் கழற்றினாள். உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்துவிட்டு மடியில் வைத்தாள். அவள் பக்கத்தில் இருந்தவர் கழற்றினார். பின்வரிசை கழற்றியது.

குவின்சி திரையைப் பார்க்கவே இல்லை. புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சத்தமே இல்லாமல் வரிசை வரிசையாகச் செம்பட்டை நிறம் குறைந்துகொண்டே போயிற்று.

டெவ்லினுக்குத்தான் கழற்றி வைக்க வழியில்லை.