எரிமலைத் தீவுகளுக்கு இரண்டு டிக்கெட்

மனைவி இறந்த மறுமாதம் கணக்கதிகாரி பயண முகவரின் கடைப்படி ஏறினார். எரிமலைத் தீவுகளை வரிசையாகக் கப்பலில் சுற்றிவரப் போட்டிருந்த இரண்டு டிக்கெட்டையும் ரத்து செய்ய வேண்டும். கல்யாணமான புதிதில் அவள் வாய்விட்டுக் கேட்ட ஒரே பயணம் அது. பதவி உயர்வு வரட்டும், ஓய்வு வரட்டும் என்று அவர் தள்ளிப்போட்டதில் எமன் முந்திக்கொண்டு வந்துவிட்டான்.

கடைப் பலகையில் 'உலகம் சுற்றிய மேதை' என்று எழுதியிருந்தது. மேதைக்கு டவுன் பஸ்ஸிலேயே தலைசுற்றும்.

"உங்களோடத கேன்சல் பண்ணலாம் சார். மேடமோடது முடியாது. அவங்கதான் போன வாரமே கிளம்பிட்டாங்களே."

"யோவ், அவ போய் ஒரு மாசம் ஆச்சுய்யா!"

முகவர் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். முதல் தீவில் இறங்கியிருந்தாள். இரண்டாவது தீவில் குளியலறை சுத்தமில்லை என்று அறையை மாற்றிக் கேட்டிருந்தாள். அவளேதான். எந்த ஊரில் தங்கினாலும் பெட்டியை வைக்குமுன் குளியலறையைத்தான் எட்டிப் பார்ப்பாள். அவர் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இப்ப எங்கய்யா இருக்கா?"

மேதை மூன்றாவது தீவின் விடுதிக்குப் போன் போட்டு, கேட்டுக் கேட்டுச் சொன்னார். "கடற்கரையில உக்காந்திருக்காங்களாம் சார். கருப்பு மணலாம். எதுத்தாப்புல மலை புகைஞ்சுக்கிட்டிருக்காம்."

"தனியாவா?"

"தனியாத்தான். பக்கத்து நாற்காலியில கைப்பைய வெச்சிருக்காங்களாம். யாராவது உக்கார வந்தா, 'ஆள் வருது'ன்னு சொல்றாங்களாம்."