பொய் அம்மாக்கள்

இரண்டு ஷிப்ட் முடித்த மோனிஷா திருப்பூர் பனியன் கம்பெனிப் படிக்கட்டில் உட்கார்ந்து வீட்டுக்கு வீடியோ கால் போட்டாள். காலையில் காய்ச்சலோடு விட்டுவந்த ஒன்பது வயது மகள் நறுமுகை திரையில் வந்தாள்.

"கண்ணு, மாத்திரை போட்டியா?"

நறுமுகை முறைத்தாள். மோசடிக்காரர்கள் ஏஐயில் உருவாக்கிய யாராவது ஒரு பொய் அம்மா தினமும் அவளை வீடியோவில் அழைப்பது வழக்கமாகிவிட்டது. எல்லோருக்கும் மோனிஷாவின் முகம், மோனிஷாவின் குரல். வீட்டு ரகசியச் சொல்கூடத் தெரிந்திருந்தது. கேமராவைத் திருப்பு, கதவைத் திற என்று கொஞ்சுவார்கள்.

"நீங்க என்ற அம்மா இல்லை."

"நான்தான் சாமி. மேசை மேல மாத்திரை இருக்குது பாரு. போட்டுட்டுப் படுத்துக்கோ தங்கம்."

"சாமிங்கறீங்க, தங்கங்கறீங்க. பொய் அம்மாதான் இப்படிப் பேசுவாங்க."

துண்டித்துவிட்டாள்.

கத்துவதற்குத் தெம்பில்லாமல்தான் மோனிஷாவின் குரல் இன்று அத்தனை மென்மையாக வந்திருந்தது. சுவரில் சாய்ந்து மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி அழைத்தாள்.

"ஏய் எருமை! எத்தனை தடவைடி சொல்றது? மாத்திரையைப் போட்டுத் தொலை! வந்தேன்னா தோலை உரிச்சுருவேன்!"

நறுமுகையின் முகம் மலர்ந்தது.

"அம்மா! எப்பம்மா வருவீங்க?"

ஓடிப்போய் மாத்திரையை எடுத்துவந்து விழுங்கினாள். வாயைத் திறந்து காட்டினாள்.

'சரி கண்ணு, தூங்கு' என்று மோனிஷாவுக்கு நுனிநாக்கு வரை வந்தது. சொன்னால் பிள்ளை மறுபடியும் பயந்துவிடுவாள்.

"என்னடி பல்லைக் காட்டிட்டு நிக்கறே? போய்ப் படு!" என்று அதட்டிவிட்டுப் போனை வைத்தாள்.